மினுக்கும் உறுதியும்

தமிழில் ஈயம் என்னும் சொல் ஒன்று. அச்சொல் சுட்டும் உலோகங்களோ இரண்டு. கறுத்தது காரீயம், வெளுத்தது வெள்ளீயம். உரோம நாட்டுப் பிளினி என்னும் பேரறிஞர் கி.பி. 77-ஆம் ஆண்டளவில் எழுதிய இயற்கை வரலாற்று நூலிலும் இதே முறையைக் காண்கிறோம். அவரும் ஒன்றைக் கறுப்பு ஈயம் என்றார்; மற்றொன்றை வெள்ளை ஈயம் என்றார். கறுப்பு ஈயம் இரண்டு பங்கும் வெள்ளை ஈயம் ஒரு பங்கும் சேர்ந்த கலவையால் குழாய்களை இணைத்துப் பற்றவைப்பர் என்பதும் அவர் தரும் செய்தி. கடல் கடந்த இரு நாட்டு மொழிகள் இரு வேறு உலோகங்களை ஒரே குடும்பத்து உடன்பிறப்புகளாகக் கண்டது வியப்பன்றோ!

அவ்வுடன்பிறப்புகள் இரண்டாயிரம் ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்து, நம் காலத்தில் பிரிந்த கதையையே இன்று கூற விரும்புகிறேன். பிரிவு நேர்ந்தபோது ஒரு மினுக்கம் மறைந்தது. அம்மினுக்கத்தையே உறுதியின் அடையாளமென்று நம்பியிருந்த தொழிலுலகம், தன் கண்ணுக்குப் புதிதாகப் பாடம் கற்பிக்க வேண்டியதாயிற்று.

முதலில் பற்றவைத்தல் என்பது யாது என அறிவோம். இரண்டு உலோகத் துண்டுகளை, அவை உருகாமலே, அவற்றைவிட எளிதில் உருகும் வேறோர் உலோகத்தைக் கொண்டு இணைப்பதே அது. அவ்வாறு இடையில் இடும் உலோகத்திற்குப் பற்றாசு என்பது பழந்தமிழ்ப் பெயர். யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் இச்சொல்லை அறிந்திருப்பர். இரண்டு குறட்பாக்களைத் தனிச்சொல்லால் இணைத்து நேரிசை வெண்பா ஆக்கும்பொழுது, ஓசை குறைந்தால் இடையே ஓரசையோ ஈரசையோ கூட்டுவர். அதனை ஆசு என்பர். கொல்லர் உலோகங்களை இணைக்க இடும் பற்றாசு போன்றது அது என்று உரையாசிரியர் விளக்குவர். செய்யுளுக்கே உவமையாகும் அளவிற்கு இத்தொழில் நம்மவர்க்குப் பழகியிருந்தது. இன்று பட்டறைகளில் சால்டர் என்று வழங்குவதும் இதுவே.

பற்றாசு பசையைப் போல் வெறுமனே ஒட்டிக்கொள்வதன்று. உருகிய வெள்ளீயம் தூய செம்பின்மீது படரும்பொழுது, இரண்டும் கூடி மிக மெல்லியதொரு புதுப் படலம் தோன்றுகிறது. அப்படலமே இணைப்பின் உயிர். அது தோன்றினால் பற்று நிற்கும். தோன்றாவிடின் பற்று பொய்யாகும். இந்த வேலையைச் செய்வது வெள்ளீயமே. காரீயம் செம்போடு அவ்வாறு கூடுவதில்லை. ஆயின், பிளினி காலம் முதல் காரீயத்தைச் சேர்த்தது ஏன்? அது மலிவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இன்னும் அழகியது.

வெள்ளீயம் தனியே உருகுவதற்கு 232 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். காரீயம் தனியே உருகுவதற்கு 327 டிகிரி வேண்டும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தாலோ, அக்கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இருவரும் தனித்தனியே பிடிவாதக்காரர். சேர்ந்தால் இருவரினும் எளியராகின்றனர்.

இந்த வெப்பக் கணக்கு நம் அடுக்களைக்கும் தெரிந்ததே. ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது. நீர் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாவதால், உள்ளே ரசம் உள்ளவரை செம்பு 232 டிகிரியை எட்டுவதில்லை. வெறுஞ் செம்பை அடுப்பில் ஏற்றினாலோ உருகி ஒழுகிவிடும். அதனாலன்றோ, முதலில் புளிநீரை ஊற்றிப் பின்னரே அடுப்பில் வை என்று பாட்டிமார் சொல்லிவந்தனர்! பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூச வருவோர், பாத்திரத்தைச் சூடேற்றி நவச்சாரம் தூவித் துடைத்த பின்னரே வெள்ளீயத்தைத் தேய்ப்பர். நவச்சாரம் உலோகத்தின் மேலுள்ள களிம்பை நீக்கி, ஈயம் படரத் தூய தளம் அமைத்துத் தருகிறது. வானொலிப் பெட்டி பழுது பார்ப்போர் கையாளும் ஊசியிலை மரப் பிசினும் இதே பணியைத்தான் புரிகிறது. தெருவில் துருத்தி ஊதியவரும் மேசை முன் அமர்ந்து சூட்டுக்கோல் பிடித்தவரும் ஒரே கலையின் இரு கிளையினர் என்று நான் கருதுகிறேன்.

இனி, மினுக்கத்திற்கு வருவோம். 63-க்கு 37 என்னும் கலவைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது 183 டிகிரிக்கு வந்ததும் முழுவதும் ஒருங்கே உறைந்துவிடும். பாதி திடமும் பாதி திரவமுமாகத் தயங்கி நிற்கும் இடைநிலை அதற்கு இல்லை. ஆகவே உறைந்த மேற்பரப்பு வழவழப்பாகவும், கண்ணாடி போல் ஒளிவிடுவதாகவும் அமையும். உறையும் நேரத்தில் கம்பி அசைந்தாலோ சூடு போதாமற் போனாலோதான் மேற்பரப்பு மங்கிப் பொரிந்து தோன்றும். இதனைக் கண்ட தொழிலாளர் ஒரு விதி வகுத்துக்கொண்டனர். மினுங்கினால் நல்ல பற்று. மங்கினால் கெட்ட பற்று. பட்டறை மொழியில் சொன்னால் டிரை சால்டர்.

1956-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், உருகிய பற்றாசை அலையாக எழச் செய்து, அதன்மீது மின்சுற்றுப் பலகையைச் செலுத்தி, ஒரே ஓட்டத்தில் எல்லா இணைப்புகளையும் பற்றவைக்கும் முறை தோன்றியது. கைவேலை எந்திர வேலையாயிற்று. ஆனால் விதி மாறவில்லை. வால்வு வானொலி போய் டிரான்சிஸ்டர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணிப்பொறி வந்தது. பலகையைச் சோதிக்க அமர்ந்தவர் கண் மட்டும் அதே மினுக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விதியில் பிழையும் இல்லை. காரீயம் இருந்தவரை அது மெய்யாகவே பயன்பட்டது.

ஆயின் காரீயம் நஞ்சு. அது உடலில் சேர்ந்தால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வளரும் குழந்தையின் மூளையை மங்கச் செய்யும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று வரையறுக்கத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கூற்று. ஆகவே நாடுகள் ஒவ்வொரு வாயிலாக அதனை வெளியேற்றத் தலைப்பட்டன. 1986-இல் அமெரிக்கா, குடிநீர்க் குழாய்களைக் காரீயப் பற்றாசால் இணைப்பதைத் தடுத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் பெட்ரோலிலிருந்து அது நீக்கப்பட்டது. எஞ்சியிருந்த வாயில்களுள் ஒன்று மின்னணுக் கருவி. பழைய கருவிகள் குப்பைமேட்டில் குவியும்போதும், அவற்றைப் பிரித்து உருக்கும்போதும் காரீயம் மண்ணிலும் நீரிலும் மனிதர் மூச்சிலும் கலக்கக்கூடும் என்ற அச்சம் வளர்ந்தது. 1998-இல் ஜப்பானின் மாட்சுஷிட்டா நிறுவனம் காரீயமற்ற பற்றாசு கொண்ட இசைக்கருவியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. 2006 ஜூலை 1 முதல், அங்கு விற்கப்படும் பெரும்பாலான மின்னணுக் கருவிகளின் எந்த ஒரு பொருட்பகுதியிலும் காரீயம் ஆயிரத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்று அச்சட்டம் விதித்தது.

அதே 2006-ஆம் ஆண்டில்தான் நம் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைபேசித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தென் மாவட்டங்களினின்று இளைஞரும் இளம்பெண்களும் அவ்வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். நோக்கியா ஆலையில் கைபேசி உற்பத்தி 2014 நவம்பரில் நின்றது; எனினும் அவ்வட்டாரத்தின் மின்னணுத் தொழில் நின்றுவிடவில்லை. ஒரு கருவி எந்த நாட்டில் செய்யப்பட்டாலும், ஐரோப்பாவில் விற்க வேண்டுமாயின் அது காரீயமற்றதாக இருத்தல் வேண்டும். எங்கோ இயற்றப்பட்ட சட்டம் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் மேசைவரை வந்து சேர்ந்தது இவ்வாறே. பின்னர் நம் நாடும் 2011-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்வழி இதே வரம்பை ஏற்று, 2014 மே முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

காரீயத்தின் இடத்தில் வந்தது எது? பெரிதும் பரவிய கலவையில் வெள்ளீயம் 96.5 பங்கு, வெள்ளி 3 பங்கு, செம்பு அரைப் பங்கு. அது உருகும் வெப்பம் 217 முதல் 220 டிகிரி. முன்னதைவிட முப்பது டிகிரிக்கு மேல் மிகுதி. அது உறையும் முறையும் வேறு. முதலில் வெள்ளீயம் மட்டும் கிளைவிட்ட செடிபோல் ஆங்காங்கே உறைந்து நிற்கும். வெள்ளியும் செம்பும் மிகுந்த எஞ்சிய திரவம் அக்கிளைகளுக்கிடையே தங்கி இறுதியில் உறையும். உறையும்போது அது சுருங்கும். சுருங்கும்போது மேற்பரப்பிலிருந்து உள்ளிறங்கும்.

எங்கள் பக்கத்துக் குளங்களைக் கோடையிற் பார்த்தோர்க்கு இது எளிதில் விளங்கும். நீர் நிறைந்திருக்கையில் குளத்தின் முகம் கண்ணாடி போலிருக்கும். நீர் வற்ற வற்ற, அடியிலுள்ள மேடுகள் ஒவ்வொன்றாகத் தலைநீட்டும். இறுதியில் சேறும் பிளந்து வெடிக்கும். காரீயமற்ற பற்றின் முகமும் அத்தகையதே. அது மங்கியிருக்கும், சுருக்கம் விழுந்திருக்கும், சில இடங்களில் தலைமுடி போன்ற வெடிப்பும் காணும்.

இதைக் கண்ட சோதனையாளர் திகைத்தனர். ஆண்டுக்கணக்காகப் பழகிய கண் அவற்றை எல்லாம் கெட்ட பற்று என்றது. பிம்பம் பிடித்துச் சோதிக்கும் எந்திரங்களும் பழைய மினுக்கத்தை அளவுகோலாகக் கொண்டவையாதலின், அவற்றுக்கும் புதிய அளவு கற்பிக்க வேண்டியிருந்தது. மங்கிய பற்றைக் கண்டவுடன் சூட்டுக்கோலை வைத்து மீண்டும் உருக்கிச் சரிசெய்ய முற்படுவது இயல்பு. இங்கேதான் தீங்கு நேர்கிறது. இணைப்பின் உயிர் என்று நான் கூறிய அந்த மெல்லிய படலம், மெல்லியதாக இருக்கும்வரைதான் நன்மை. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அது தடிக்கிறது. தடித்தால் நொறுங்கும் தன்மை பெறுகிறது. மிகுந்த சூட்டினால் பலகையில் ஒட்டியுள்ள செம்புத் தகடும் பெயர்ந்துவிடக்கூடும். நன்றாக இருந்ததை அழகாக்கப் போய் நலிவாக்குவது என்பது இதுவே.

ஐ.பி.சி. என்னும் பெயரோடு 1957-இல் அமெரிக்காவில் தோன்றிய மின்னணுத் தொழிலமைப்பு, பற்றுகளை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் உரிய நெறிகளைப் படங்களோடு வெளியிட்டு வந்தது. 2005-இல் வெளிவந்த பதிப்பில் காரீயமற்ற பற்றுக்குரிய நெறிகளும் இடம்பெற்றன. மங்கலும் பொரிந்த தோற்றமும் இப்புதுக் கலவைக்கு இயல்பு, அவை குறையாகா. சுருங்கியதால் உண்டான வெடிப்பு ஆயின், அதன் அடி கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது உறுப்பின் காலையோ பலகையின் செம்பையோ தொடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடி தெரிந்து, தொடாமலும் இருந்தால் ஏற்கலாம். இவ்வாறு, மினுங்குகிறதா என்ற ஒரே வினாவின் இடத்தில், உருகிய ஈயம் படர்ந்ததா, கரையோரம் மெலிந்து தழுவி நிற்கிறதா, வெடிப்பு எதுவரை செல்கிறது என்னும் வினாக்கள் வந்தமர்ந்தன.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், வடமதுரையை அடுத்து உள்ளது எங்கள் அய்யலூர். அங்கு வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை அறியாதார் அவ்வட்டாரத்தில் இலர். அச்சந்தையில் தேர்ந்த வியாபாரி ஆடு வாங்குவதை நான் பன்முறை நின்று கவனித்திருக்கிறேன். கழுவித் துடைத்து மேனி மினுங்க நிறுத்திய கிடாயை அவர் ஏறெடுத்துப் பார்ப்பார். அதனோடு விலை பேசிவிட மாட்டார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். முதுகெலும்பின் இருபுறமும் விரலால் அழுத்திச் சதைப்பிடிப்பை அறிவார். இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி எடை மதிப்பார். புழுதி படிந்த ஆடு என்பதற்காக நல்ல ஆட்டைத் தள்ளுவதும் இல்லை. எந்த அடையாளம் எதனைக் காட்டுகிறது என்பதை அவர் அறிவார். மின்னணுத் தொழிலுலகம் 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கற்றுக்கொண்ட பாடமும் இதற்கு வேறானதன்று.

அவ்வாறாயின் மேற்பரப்பில் காணும் குறை எதையுமே பொருட்படுத்த வேண்டுவதில்லையோ என்று வினவலாம். அப்படியன்று. உருகிய ஈயம் படராமல் தாமரை இலை நீர்போல் உருண்டு நின்றால், அது எவ்வளவு மினுங்கினாலும் கெட்ட பற்றே. அன்றியும், காரீயம் செய்துவந்த மற்றொரு காவற்பணியும் உண்டு. தூய வெள்ளீயம் பூசிய பரப்பிலிருந்து, தலைமுடியினும் பன்மடங்கு மெலிந்த உலோக இழைகள் தாமே முளைத்து வளர்வதுண்டு. அவற்றை வெள்ளீய மீசை என்று கூறலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தினர் 1950-களில் இவற்றை ஆராய்ந்து, சிறிதளவு காரீயம் கலந்தால் மீசை முளைப்பது அடங்கும் என்று கண்டனர். காரீயம் நீங்கவே மீசை பற்றிய கவலை மீண்டது. 1998 மே 19 அன்று கேலக்சி 4 என்னும் செய்தித் துணைக்கோள் செயலிழந்தது. அமெரிக்காவில் பேஜர் சேவையின் பெரும்பகுதி ஓய்ந்தது. அத்துணைக்கோளின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானதற்கு வெள்ளீய மீசையே காரணமாதல் வேண்டும் என்று ஆய்ந்தோர் கருதினர். பார்வைக்கு அஞ்சத்தக்க வெடிப்பு தீங்கற்றதாகவும், கண்ணுக்கே புலப்படாத இழை பெருங்கேடாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. விண்கலம், படைக்கலம் முதலியவற்றில் காரீயப் பற்றாசு இன்னும் இடம்பெற்றிருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆகவே இந்த வரலாற்றை ஒரு நஞ்சு ஒழிந்து நன்மை வென்ற கதையாக மட்டும் எழுதிவிட முடியாது. புதுக் கலவையில் வெள்ளி சேர்வதால் விலை மிகுதி. உருக்க வெப்பம் மிகுதி. உலகில் தோண்டியெடுக்கும் காரீயத்தின் பெரும்பகுதி இன்றும் மின்கல அடுக்குகளுக்கே செல்கிறது. பற்றாசில் இருந்தது சிறு பங்கே. எனினும் அச்சிறு பங்குதான் கோடிக்கணக்கான கருவிகளில் துளித்துளியாகப் பரவி, திரட்டி மீட்க இயலாதபடி சிதறிக் கிடந்தது. பெரிய மின்கலத்தைத் திரும்பப் பெற்று உருக்கலாம். கைபேசிக்குள் கடுகினும் சிறிய ஆயிரம் துளிகளை யார் பொறுக்குவது? அதனால் அவற்றை முதலிலேயே இடாதிருப்பது அறிவுடைமை ஆயிற்று. மங்கிய முகத்தை ஏற்றுக்கொண்டது நாம் அதற்குக் கொடுத்த விலை. ஒரு குழந்தையின் மூளைக்கு எதிராக நிறுத்துப் பார்த்தால் அவ்விலை மிகச் சிறிது.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பழைய வானொலியின் பலகையொன்றும் அண்மைக் காலத்துக் கருவியின் பலகையொன்றும் கிடைக்குமாயின், ஒரு பூதக்கண்ணாடி கொண்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பழையதில் பற்றுகள் பெரும்பாலும் ஒளிவிடும். புதியதில் மங்கித் தோன்றும். பார்த்து முடித்தபின் கையை நன்றாகக் கழுவுங்கள். பலகையை எரிக்கவோ குப்பையில் எறியவோ வேண்டா. மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் நிறுத்துங்கள். அடையாளம் வேறு; பொருள் வேறு. ஓர் அடையாளம் நெடுங்காலம் பொருளோடு சேர்ந்தே வந்தமையால் அதுவே பொருளென்று கண் நம்பிவிடுகிறது. காலம் மாறிச் சேர்க்கை பிரியும்போது, அந்நம்பிக்கை நல்லதைத் தள்ளவும் தீயதைக் கொள்ளவும் செய்கிறது. மதிப்பெண்ணைக் கொண்டு அறிவையும் ஆடையைக் கொண்டு ஆளையும் அளக்கும் நமக்கு, கடுகளவு ஈயத் துளி கற்பிக்கும் பாடம் சிறிதன்று. எதைப் பார்க்கிறோம் என்பதோடு, அதனை ஏன் பார்க்கிறோம் என்பதையும் கேட்டுப் பழகுவோமாக.